ஆறு பேர், ஒரு வேன், தெற்குத் தீவு: எந்த இரவை எப்போது புக் செய்வது

நியூசிலாந்தின் தெற்குத் தீவைக் காரில் சுற்றிப் பார்க்க வரும் நம் குடும்பங்கள், கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: தங்குமிடத்தை எத்தனை மாதம் முன்னால் புக் செய்ய வேண்டும்? மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஏதாவது ஓர் எண்ணை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். அப்படி ஒரே எண்ணைச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே பயணத்தில் ஓர் இரவை ஏழு மாதம் முன்னால் பிடித்தே ஆக வேண்டியிருக்கும், இன்னோர் இரவுக்குக் கடைசி வாரம்கூடப் போதும். எந்த இரவு எந்த வகை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. அண்மையில் நான் தொடக்கம் முதல் கூடவே இருந்து பார்த்த ஒரு பயணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

குடும்பம்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவன், மனைவி. 11 வயது மகள், 6 வயது மகன். கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும் கணவரின் பெற்றோர். ஆறு பேருக்கு எட்டு இருக்கை வேன். பாட்டிக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. சைவம், அதிலும் தன் கையால் சமைத்தால்தான் நிம்மதியாகச் சாப்பிடுவார். பேரன் இரவில் பாட்டியை விட்டுத் தூங்க மாட்டான்.

அதாவது தரைத்தளம், சமையலறை, ஒரே கூரையின் கீழ் இரண்டு படுக்கையறை, வேன் நிறுத்த இடம். நியூசிலாந்து மோட்டல்கள் இதற்கு ஓரளவு தோதானவை. பெரும்பாலான யூனிட்டுகளில் அடுப்பு, பாத்திரம், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இருக்கும். சாவி கொடுக்கும்போது பல இடங்களில் ஒரு சிறு பாட்டில் பாலும் கொடுப்பார்கள். காபிப் பொடியோடு வரும் தாத்தாக்களுக்கு இதைவிட நல்ல வரவேற்பு இல்லை. (பொடி, ஊறுகாய் எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம்.)

ஆனால் ஒரு மோட்டலில் இருக்கும் யூனிட்டுகளில் பெரும்பாலானவை இருவருக்கான ஸ்டூடியோக்கள். ஆறு பேர் படுக்கும் இரண்டு படுக்கையறை யூனிட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதிலும் ஒன்று மாடியில் இருக்கும். ஊரில் நூறு அறை காலியாக இருக்கும் நாளிலும் இந்தக் குடும்பத்துக்கு ஏற்ற இடம் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். புக்கிங் பற்றி நண்பர்கள் சொல்லும் அறிவுரை பொருந்தாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

இந்தக் குடும்பத்துக்கும் இரண்டு அறுதியான அறிவுரைகள் கிடைத்திருந்தன. கணவரின் தம்பி, மனைவியோடு மே மாதம் வந்து எதையும் முன்பதிவு செய்யாமல் ஊர் ஊராகச் சுற்றியவர். "வந்து இறங்கிப் பாத்துக்கலாம்ண்ணா, எல்லா ஊர்லயும் 'ரூம் காலி'னு போர்டு தொங்கும்" என்றார். அலுவலகத் தோழி ஒருவர், ஒரு வருடம் முன்பே புக் செய்யாவிட்டால் காரில்தான் தூங்க வேண்டும் என்றார். அவர் போனது புத்தாண்டு வாரத்தில். இருவரும் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். மே மாதத்தில் இருவர் வருவது வேறு, கோடை உச்சத்தில் பெருங்குடும்பம் வருவது வேறு.

தேதி

மார்ச் மாதம் பேச்சு தொடங்கியது. கணவருக்குக் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை போக ஆசை, அலுவலகத்தில் வேலை குறையும் நாட்கள் அவை. நான் அதை விடச் சொன்னேன். இங்கே பள்ளிகள் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் மூடினால் ஜனவரி கடைசியில்தான் திறக்கும். டிசம்பர் 25, 26, ஜனவரி 1, 2 நான்கும் அரசு விடுமுறை. நடுவில் உள்ள நாட்களையும் சேர்த்து நாட்டில் பாதிப் பேர் ஏரிக்கரைகளுக்குப் போய்விடுவார்கள். வருடா வருடம் அதே இடத்துக்கு வருபவர்கள், கிளம்பும்போதே அடுத்த வருடத்துக்கும் சொல்லிவைத்துவிட்டுப் போவதுண்டு. வானகா, குயின்ஸ்டவுன் பக்கம் விடுமுறை வீடுகளில் அந்த நாட்களில் குறைந்தது மூன்று இரவு, நான்கு இரவு எடுத்தால்தான் தருவார்கள். ஒரு ஊரில் இரண்டு இரவு என்று நகரும் பயணத்துக்கு அது ஒத்தே வராது.

சிங்கப்பூரில் ஆண்டிறுதி விடுமுறை நவம்பர் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளிதான் இவர்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. நவம்பர் கடைசி வாரத்தில் வந்து டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் திரும்புவது என்று முடிவானது. எத்தனை மாதம் முன்னால் புக் செய்கிறோம் என்பதைவிட, இப்படி மூன்று நான்கு வாரம் முன்னதாக வந்ததுதான் இவர்களுக்கு அதிகம் உதவியது என்பது என் கணிப்பு. பள்ளி விடுமுறை உள்ள எந்தக் குடும்பமும் முதலில் தங்கள் பள்ளி நாட்காட்டியையும் போகும் நாட்டின் பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து ஏப்ரல், மே மாதங்களில் வருபவர்களுக்கு இங்கே இலையுதிர் காலம், நல்ல பருவம்தான். ஆனால் ஈஸ்டர் நான்கு நாட்களும், ஏப்ரலில் வரும் இரண்டு வாரப் பள்ளி விடுமுறையும், 25ஆம் தேதி ஆன்சாக் நாள் என்ற போர் நினைவு விடுமுறையும் குறுக்கே நிற்கும்.

விமானத்துக்கு முன் டெக்காப்போ

தேதி தோராயமாக முடிவானதும் வழக்கமாக எல்லோரும் விமான டிக்கெட் வாங்குவார்கள். இங்கே அதைச் சில நாட்கள் நிறுத்திவைக்கச் சொன்னேன். முதலில் வழித்தடத்தைப் போட்டு, ஒவ்வோர் இரவுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: இந்த ஊரில் நமக்கு ஏற்ற இடம் கிடைக்காவிட்டால், ஒரு மணி நேரத் தூரத்துக்குள் வேறு ஊர் உண்டா?

வழி இதுதான்: கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி டெக்காப்போ, மவுண்ட் குக், குயின்ஸ்டவுன், டி அனாவ், வானகா, ஹாஸ்ட் கணவாயைத் தாண்டி மேற்குக் கரையில் ஃபிரான்ஸ் ஜோசஃப், ஹோகிடிகா, அங்கிருந்து ஆர்தர்ஸ் பாஸ் வழியாகத் திரும்பவும் கிறைஸ்ட்சர்ச்.

அந்தக் கேள்விக்கு மிக மோசமான பதில் டெக்காப்போவில் வந்தது. நிரந்தரமாக வாழ்பவர்கள் சில நூறு பேர்தான் இருக்கும் ஏரிக்கரை ஊர். 1935இல் கட்டிய கல் தேவாலயம், 2012இல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட வானம், இரண்டும் ஆண்டு முழுக்க ஆட்களை இழுக்கின்றன. போதாததற்கு நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் வரை ஏரிக்கரை முழுக்க ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூபின் பூக்கும். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையும் அதே நாட்களில்தான். (அந்தப் பூ இங்கே ஒரு களை. ஆற்றுப் படுகைகளில் கூடு கட்டும் பறவைகளின் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. படங்களில் இருக்கும் அழகு எனக்கும் பிடிக்கும், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.)

நினைத்த இரண்டு நாட்களுக்கு அங்கே ஆறு பேருக்கான தரைத்தள யூனிட் எதுவும் இல்லை. ஒரு நாள் தள்ளினால் ஒன்றே ஒன்று இருந்தது. இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு அதை உடனே பிடித்தார்கள். அந்த ஒரு நாளுக்கு ஏற்ப முழு வழியும் நகர்ந்தது, விமானத் தேதியும் நகர்ந்தது. டிக்கெட்டை முதலில் வாங்கியிருந்தால் இந்த நகர்வுக்கே இடம் இருந்திருக்காது. டெக்காப்போவை விட்டுவிட்டு ஃபேர்லியில் தங்கியிருப்பார்கள். பகலில் ஏரி பார்க்க அது போதும். தாத்தா பார்க்க விரும்பியது தெற்கு வானத்து நட்சத்திரங்களை. கோடையில் இங்கே முழுதாக இருட்ட இரவு பதினொன்று தாண்டிவிடும், அந்நேரத்தில் குழந்தைகளோடு மலைச்சாலையில் வேன் ஓட்டித் திரும்ப யாருக்கும் விருப்பமில்லை.

மவுண்ட் குக் கிராமம் தேசியப் பூங்காவுக்குள், சாலை முடியும் இடத்தில் இருக்கிறது. கைவிட்டு எண்ணிவிடக்கூடிய தங்குமிடங்கள்தான். இவர்களுக்கு ஏற்றது அங்கே கிடைக்கவில்லை. ஆனால் இங்கே மாற்று உண்டு: சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி ட்வைசல். 1960களின் இறுதியில் நீர்மின் திட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர் அது. வேலை முடிந்ததும் கலைத்துவிடுவதாக இருந்தார்கள், ஊர்க்காரர்கள் போராடித் தக்கவைத்தார்கள். அந்தத் தொழிலாளர் வீடுகள் பல இன்று விடுமுறை வீடுகளாக வாடகைக்குக் கிடைக்கின்றன. மாடி இல்லாத, மூன்று அறையுள்ள, முற்றத்தோடு கூடிய வீடு. ஒரு பெருங்குடும்பத்துக்கு மலையடிவார ஓட்டல் அறையைவிட அது நிச்சயம் நல்லது. பாட்டிக்கு மொத்தப் பயணத்திலும் மிகவும் பிடித்த இடம் அந்த வீடுதான்.

டி அனாவ் அதே வாரத்தில் முடிந்தது. குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் போக ஒரு வழிக்கே நான்கு மணி நேரம், டி அனாவிலிருந்து இரண்டு மணி நேரம். வயதானவர்களோடு போகிறவர்கள் டி அனாவில் தங்குவதை ஆடம்பரமாக நினைக்கக் கூடாது. இரண்டு இரவாகவே எடுக்கச் சொன்னேன். மில்ஃபோர்ட் ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம், ஒரு நாள் கெட்டால் இன்னொரு நாள் கையில் இருக்க வேண்டும். ஃபிரான்ஸ் ஜோசஃபும் அந்த வாரமே பிடிக்கப்பட்டது.

நான்கு ஊரும் கையில் வந்த பிறகுதான் டிக்கெட் வாங்கினார்கள். அப்போது பயணத்துக்கு ஏழு மாதம் இருந்தது.

விசாவும் முன்பணமும்

சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள நால்வருக்கும் இணையவழி முன் அனுமதி போதும். இந்தியக் கடவுச்சீட்டுள்ள தாத்தா பாட்டிக்கு விசா வேண்டும். செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டும்போது ஆளுக்கு மாதத்துக்கு 1,000 நியூசிலாந்து டாலர், தங்குமிடத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் 400 டாலர் என்பது விதி. இதைப் படித்ததும் கணவர் எல்லாவற்றுக்கும் முழுப்பணம் கட்டிவிடலாமா என்று கேட்டார், முன்பணத்துக்குக் கொஞ்சம் தள்ளுபடியும் இருந்தது. நான் கூடாது என்றேன். பணம் காட்ட மகன் இருக்கிறார், அது இவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. விசா வர நாள் ஆகலாம், வராமலும் போகலாம், எழுபது வயதில் உடம்புக்கு எதுவும் வரலாம். விசா கையில் வரும்வரை ரத்து செய்ய முடியாத எந்த இடத்துக்கும் பணம் கட்டாமல் இருப்பதே நல்லது. அந்தத் தள்ளுபடி இந்த ஆபத்துக்கு ஈடான தொகை இல்லை. பிறகு பணம் போன ஓர் இடமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காத்திருந்த ஊர்கள்

குயின்ஸ்டவுனையும் கிறைஸ்ட்சர்ச்சையும் வேண்டுமென்றே தள்ளிவைத்தோம். குயின்ஸ்டவுனில் தங்குமிடங்கள் ஏராளம், நெரிசல் என்றால் பத்து நிமிடத்தில் ஃபிராங்க்டன் இருக்கிறது. கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஓட்டல்கள் இல்லாமல் தவித்த காலம் ஒன்று உண்டு. இப்போது நகர நடுவில் புதிய ஓட்டல்கள், ரிக்கார்டன் சாலையிலும் பாபனூயி சாலையிலும் வரிசையாக மோட்டல்கள்.

விசா வந்தபின், செப்டம்பரில் இவற்றை முடித்தார்கள். காத்திருந்தால் விலை குறையும் என்று கணவர் நம்பியிருந்தார். குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. பொதுவாகவே நான் கவனித்தது இது: கடைசி நேரத் தள்ளுபடி என்பது பெரிய ஓட்டல்களின் இருவர் அறைக்கு எப்போதாவது வரும். ஆறு பேர் தங்கும் சமையலறை யூனிட்டுக்கு அது வருவதை நான் பார்த்ததில்லை. வழித்தடத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அதுவரை கையில் இருந்ததுதான் காத்திருந்ததன் பலன். நடுவில் வானகாவுக்கு ஓர் இரவைக் கூட்டியதும், குயின்ஸ்டவுனில் ஒன்றைக் குறைத்ததும் அப்படித்தான் முடிந்தது.

தம்பி மறுபடியும் ஒரு யோசனை சொன்னார்: இரண்டு மூன்று இரவையாவது திறந்து விடுங்கள், மனம் போன இடத்தில் தங்கலாம். இந்தக் குடும்பத்துக்கு அது சரிவராது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். கோடையில் இங்கே ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், நேரம் போவதே தெரியாது. மோட்டல் அலுவலகம் பல ஊர்களில் எட்டு மணிவாக்கில் மூடிவிடும். அந்நேரத்தில் பசித்த பிள்ளைகளும் கால் வலிக்கும் பாட்டியும் வேனில் இருக்க, வீடு வீடாகப் போன் செய்வதில் சுதந்திரம் எதுவும் இல்லை. எல்லா இரவுக்கும் இடம் பிடித்துவைத்துவிட்டு, தாமதமாக ரத்து செய்ய முடிந்த இடங்களாகத் தேர்ந்தெடுத்தால் அதே சுதந்திரம் கிடைத்துவிடும்.

ஆகவே கணவர் ஒரு தாளில் ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே, கட்டணமின்றி ரத்து செய்யக் கடைசி நாளையும் மணியையும் எழுதி, போனில் அதற்கு முந்தைய நாள் மணியடிக்கும்படி வைத்தார். அந்த மணி நியூசிலாந்து மணி. கோடையில் இங்கே சிங்கப்பூரைவிட 5 மணி நேரம், இந்தியாவைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடும். இரவு எட்டு மணிக்குக் கும்பகோணத்தில் உட்கார்ந்து 'இன்றைக்குள் ரத்து செய்யலாம்' என்று நினைத்தால் இங்கே மறுநாள் பிறந்திருக்கும்.

மழை

வானகாவில் இரண்டாம் இரவுக்கு முன்பு மேற்குக் கரைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தது. இங்குள்ள வானிலை நிறுவனமான மெட்சர்வீஸ் இதை இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லத் தொடங்கிவிடும். வானகாவிலிருந்து ஹாஸ்ட் வழியாக ஃபிரான்ஸ் ஜோசஃப் போக 6ஆம் எண் நெடுஞ்சாலை ஒன்றுதான் வழி. அது மூடினால் சுற்றிப் போக ஒரு முழு நாள் ஆகிவிடும். மூடுவது அபூர்வமும் இல்லை. 2019 மார்ச்சில் ஃபிரான்ஸ் ஜோசஃபில் வைஹோ ஆற்றுப் பாலத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதே ஆண்டு டிசம்பரில் நிலச்சரிவுகளால் அந்தப் பகுதியில் பயணிகள் பலர் சிக்கிக்கொண்டார்கள். அதே நாட்களில் கிழக்கே ராங்கிடாடா ஆறு பெருகி 1ஆம் எண் நெடுஞ்சாலையும் அடைபட்டது. 2020 பிப்ரவரியில் மில்ஃபோர்ட் சாலை அறுந்து நூற்றுக்கணக்கானோர் உள்ளே மாட்டினார்கள்.

அன்று மாலை வேனுக்குள் நடந்த பேச்சை மருமகள் எனக்குச் சொன்னார். மாமனார், "ஒரு நாள் இங்கயே இருந்துட்டு மழை விட்டதும் போலாமேம்மா" என்றிருக்கிறார். இவர், "இங்க நாளைக்கு நம்ம ரூமுக்கு வேற ஆள் வராங்க மாமா. அங்க இருக்கற ரூமை நாளைக்குப் பகல் ரெண்டு மணிக்குள்ள கேன்சல் பண்ணலைன்னா காசு போயிடும். இன்னைக்கே முடிவு பண்ணிடலாம்" என்றிருக்கிறார். ஃபிரான்ஸ் ஜோசஃப் ரத்தானது, பணம் எதுவும் போகவில்லை.

வேறு எங்கே போவது? எனக்குப் போன் வந்தபோது ஓமரூ என்றேன். லிண்டிஸ் கணவாய், வைடாகி பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்குக் கரைக்கு மூன்று மணி நேரம். ஏரியோ பனிமலையோ இல்லாத, ஆனால் நிறைய மோட்டல்கள் உள்ள ஊர். பக்கத்துப் பக்கத்து இரண்டு தரைத்தள யூனிட்டுகள் முந்தைய நாள் மாலையே கிடைத்தன. அந்தி சாய்ந்ததும் கடலிலிருந்து கரையேறும் நீலப் பென்குயின்களைக் குழந்தைகள் பார்த்தார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் ஓர் இரவைக் கூட்டுவது ஒரு போனில் முடிந்தது. இறுதி இரவுகளை இடம் தாராளமாக உள்ள ஊரில் வைப்பது எனக்குப் பிடிப்பது இதனால்தான். பயணத்தில் எது கலைந்தாலும் அந்த முனையில் சேர்த்துக்கொள்ளலாம்.

பணம் போனது, மேற்குக் கரையிலேயே அடுத்து தங்க இருந்த ஹோகிடிகாவில். கடலைப் பார்த்த ஒரு தனி வீடு, படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, முப்பது நாளுக்குமுன் ரத்து செய்யாவிட்டால் எதுவும் திரும்ப வராது என்ற நிபந்தனையோடு கணவர் எடுத்திருந்தார். வீட்டின் உரிமையாளர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, நிபந்தனை தெளிவாகவே இருந்தது. பயணக் காப்பீடும் உதவவில்லை. சாலை உண்மையாகவே மூடினால் தருவார்கள், மூடலாம் என்று அஞ்சித் திரும்பினால் தர மாட்டார்கள். தனி வீடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ட்வைசல் வீடும் தனி வீடுதான், அதன் நிபந்தனையும் ஏறக்குறைய இதேதான். ஆனால் ட்வைசலுக்குப் போக ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு, மழையும் குறைவு. மழையால் அறுபடக்கூடிய ஒற்றைச் சாலையின் மறுமுனையில் இருக்கும் இரவை மட்டும், விலை கூடினாலும், 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன்வரை ரத்து செய்யக்கூடிய மோட்டலாக எடுப்பதே நல்லது.

அடுத்தது

இப்போது அவர்கள் ஐஸ்லாந்தைக் காரில் சுற்றுவது பற்றிக் கேட்கிறார்கள், ஜூன் விடுமுறையில். தாத்தா பாட்டிக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும், தங்குமிடச் சான்றும் கேட்பார்கள். கோடையில் நல்ல இடங்கள் அதற்கு முன்பே போய்விடும். ஆகவே விசாவுக்கு முன்பே, ரத்து செய்யக்கூடிய விதமாக எல்லா இரவையும் பிடித்துவைக்க வேண்டியிருக்கும். அந்தத் தீவின் தெற்குக் கரையில் வீக் என்ற ஊருக்கும் ஹொப்ஃனுக்கும் இடையே ஏறத்தாழ 270 கிலோமீட்டர். பனிப்பாறை மிதக்கும் ஏரி அந்த வழியில்தான் இருக்கிறது, தங்குமிடங்களோ மிகக் குறைவு. அந்த ஓர் இரவுக்கு ஆறு பேருக்கும் தரைத்தளத்தில் இடம் கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், அதுவரை விமான டிக்கெட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.